வாக்கெடுப்பில் வரும் வாரிசுரிமை

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்களுக்கானவை ஃப்ரெட்டர்னிட்டி, பெண்களுக்கானவை சொராரிட்டி. ஒரு ஃப்ரெட்டர்னிட்டியில் சேர்ந்தவர் படிப்பு முடிந்ததும் அதிலிருந்து விலகிவிடுவதில்லை. பட்டம் வாங்கினாலும், வேலைக்குப் போனாலும், பேரன் பேத்தி எடுத்தாலும் சாகும்வரை அவர் உறுப்பினர்தான். தந்தையும் மகனும் ஒரே காலத்தில் ஒரே சங்கத்தில் இருக்க முடிவது இதனால்தான். தந்தையோ தாத்தாவோ அண்ணனோ ஏற்கெனவே உறுப்பினராக உள்ள சங்கத்தின் வாசலில் வந்து நிற்கும் இளைஞனை 'லெகசி' என்று அழைக்கிறார்கள். சில சங்கங்கள் மாமா, சித்தப்பா வழி உறவையும் இதில் சேர்த்துக்கொள்கின்றன.

வீட்டையும் நிலத்தையும் தந்தை மகன் பெயருக்கு எழுதிவைத்துவிடலாம். இதை அப்படி எழுதிவைக்க முடியாது. மகன் படிக்கும் கல்லூரியில் உள்ள கிளையின் உறுப்பினர்கள் கூடி வாக்களித்தால்தான் அவன் உள்ளே போகலாம். அந்த உறுப்பினர்களுக்கு வயது பத்தொன்பது, இருபது. ஊரில் பெரிய வக்கீலாகவோ, வங்கித் தலைவராகவோ, செனட்டராகவோ இருக்கும் மனிதர், தன் பெருமைக்குரிய சங்கத்தில் தன் மகனுக்கு இடம் கிடைக்குமா என்பதை இந்தப் பையன்களின் தீர்ப்புக்கு விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் உள்ள வேடிக்கையும் சங்கடமும் இங்கேதான் தொடங்குகின்றன.

கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட முதல் மாணவர் சங்கம் ஃபை பீட்டா கப்பா. அமெரிக்கா விடுதலையை அறிவித்த அதே 1776ஆம் ஆண்டில், டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அது தோன்றியது. ரகசிய உறுதிமொழி, கைகுலுக்கும் தனி முறை, பேட்ஜ் ஆகிய எல்லாம் அதில் இருந்தன. பின்னாளில் ரகசியத்தைக் கைவிட்டு, நன்றாகப் படிக்கும் மாணவர்களைக் கௌரவிக்கும் கழகமாக அது மாறிப்போனது. இன்று ஃப்ரெட்டர்னிட்டி என்று சொல்லப்படும் வகைக்குப் பிறப்பிடம் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் உள்ள யூனியன் கல்லூரி. 1825இல் கப்பா ஆல்ஃபா, 1827இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை என மூன்று சங்கங்கள் அங்கே அடுத்தடுத்துப் பிறந்தன. மேற்கே, ஒஹாயோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1839இல் பீட்டா தீட்டா பை, 1848இல் ஃபை டெல்டா தீட்டா, 1855இல் சிக்மா கை ஆகியவை எழுந்தன.

அந்தக் காலத்துக் கல்லூரி, மடத்தைப் போல நடந்தது. விடியற்காலையில் வழிபாடு, பிறகு லத்தீன், கிரேக்க மனப்பாடம், அதற்கப்புறம் ஆசிரியர்களின் கண்காணிப்பு. மாணவர்கள் தங்கள் விருப்பப்படி பேசவும் விவாதிக்கவும் சாப்பிடவும் ஒரு மறைவிடம் தேடினார்கள். நிர்வாகம் இந்தச் சங்கங்களை எதிர்த்தது. பல கல்லூரிகள் தடைகூட விதித்தன. ஒளிந்து நடத்த வேண்டியிருந்ததால் ரகசியம் இன்னும் இறுகியது. ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சகோதரக் கழகத்தினரின் சடங்குமுறையிலிருந்து உறுதிமொழியும் சின்னங்களும் கடனாக வந்தன. வீட்டைவிட்டு முதல்முறை வெளியே வந்த பதினெட்டு வயதுப் பையன்கள் தங்களுக்குள் ஒரு குடும்பத்தை உருவாக்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் தவறில்லை. அப்பாவிடமிருந்து தப்பித்துக் கட்டிய அந்தக் குடும்பத்துக்குள் ஒரு தலைமுறை கழித்து அப்பாக்களே முன்னோராக வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

குடும்ப முறைமையை இந்தச் சங்கங்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோகின்றன என்பதற்கு ஒரு வழக்கமே போதும். புதிதாக வருபவனுக்கு மூத்த மாணவன் ஒருவனை 'பிக் பிரதர்' என்று ஒதுக்குவார்கள். அந்தப் பிக் பிரதருக்கும் ஒரு பிக் பிரதர் இருப்பான். அவன் புதியவனுக்குத் தாத்தா முறை. இருபத்தோரு வயதுத் தாத்தா! இந்த வரிசையைக் கிளைவிட்ட மரமாக வரைந்து சுவரில் மாட்டும் கிளைகளும் உண்டு. ரத்த உறவாலும் அதே சங்கத்துக்குச் சொந்தமான ஒரு மகன் உள்ளே வரும்போது இரண்டு வம்சாவளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சங்க முறைப்படி தந்தையும் மகனும் சகோதரர்கள். கூட்டங்களில் தந்தையையும் 'பிரதர்' என்று சேர்த்தே அழைப்பார்கள்.

சேர்க்கை நடக்கும் விதம் இது. கல்லூரி ஆண்டின் தொடக்கத்திலோ, சில இடங்களில் இரண்டாம் பருவத்திலோ 'ரஷ்' எனப்படும் நாட்கள் வரும். புதிய மாணவர்கள் சங்க உறுப்பினர்கள் தங்கும் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் அவர்களைச் சந்திப்பார்கள். விருந்து, பந்தாட்டம், அரட்டை எல்லாம் நடக்கும். எடைபோடுதலும் அதற்குள்ளேயே நடக்கும். பிறகு உறுப்பினர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பெயராக எடுத்து விவாதிப்பார்கள். பிடித்துப்போனவனுக்கு 'பிட்' எனப்படும் அழைப்பு போகும். அவன் அதை ஏற்றால் 'பிளெட்ஜ்' ஆகிறான். அதாவது பயிற்சிநிலை உறுப்பினன். சில வாரங்கள் சங்கத்தின் வரலாற்றையும் நிறுவியவர்களின் பெயர்களையும் பாடல்களையும் படிக்க வேண்டும். அதன் முடிவில் ரகசியச் சடங்கு நடக்கும். அதற்குப் பிறகே அவன் முழு உறுப்பினன்.

லெகசிக்கு இந்தப் பாதையில் என்ன சலுகை? பெரும்பாலான ஃப்ரெட்டர்னிட்டிகளின் தலைமையகங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: அறிமுகம் உண்டு, உத்தரவாதம் இல்லை. தந்தை ஒரு படிவத்தை நிரப்பியோ கடிதம் எழுதியோ மகன் இந்தக் கல்லூரிக்கு வருகிறான் என்று தெரிவிக்கலாம். கிளை அவனைத் தேடிப்போய்ச் சந்திக்க வேண்டும், மரியாதையாக நடத்த வேண்டும், அவன் பெயரை நன்றாக யோசிக்காமல் ஒதுக்கக்கூடாது. அதற்கு மேல் வாக்குதான். முன்பெல்லாம் பல சங்கங்களில் வெள்ளை உருண்டையும் கறுப்பு உருண்டையும் போட்டு வாக்களிப்பார்கள். பெட்டியைத் திறக்கும்போது ஒரே ஒரு கறுப்பு உருண்டை இருந்தாலும் வந்தவன் வெளியே. யார் போட்டது என்று கேட்கக்கூடாது. இப்படி நிராகரிக்கப்பட்டவன் ஒரு பழைய உறுப்பினரின் மகன் என்றால் அடுத்த வாரமே கிளைக்குக் கோபக் கடிதம் வரும். கூடவே ஆண்டு நன்கொடை நின்றுபோகும்.

நன்கொடை இங்கே சாதாரண விஷயம் அல்ல. மாணவர்கள் தங்கும் சங்க வீட்டைப் பல இடங்களில் பழைய உறுப்பினர்கள் சேர்ந்து அமைத்த தனி நிறுவனமே வைத்திருக்கிறது. கூரை ஒழுகினாலும் சமையலறை பழுதானாலும் பணம் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். மகன் அதே வீட்டில் தங்கினால் தந்தையின் கை தாராளமாகத் திறக்கும் என்பது கிளைப் பொருளாளருக்குத் தெரியும். ஆகவே லெகசியைப் பற்றிய விவாதத்தில் இரண்டு குரல்கள் மோதும்: "பையன் நம்மோடு ஒட்டமாட்டான்" என்பது ஒன்று, "அவங்க அப்பா யார் தெரியுமா" என்பது மற்றொன்று. 1978இல் வந்த 'அனிமல் ஹவுஸ்' என்ற நகைச்சுவைத் திரைப்படம் இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்கொண்டது. யாருக்கும் பிடிக்காத ஒரு குண்டுப் பையன் வந்து நிற்கிறான். அவனுடைய அண்ணன் பழைய உறுப்பினர். சங்கத்துக்கோ சந்தாப் பணம் தேவை. சேர்த்துக்கொள்கிறார்கள். கதையை எழுதியவர்களில் ஒருவரான கிறிஸ் மில்லர், டார்ட்மத் கல்லூரியில் ஆல்ஃபா டெல்டா சங்கத்தில் இருந்தவர். அந்தச் சங்கத்துக்கான அங்கீகாரத்தை டார்ட்மத் 2015இல் ரத்துசெய்தது. புதிய உறுப்பினர்களின் உடம்பில் சூடு போட்டதுதான் காரணம்.

தந்தை வழியைப் பின்பற்ற விரும்பாத மகன்களும் உண்டு. அப்பா சிக்மா கை என்பதற்காகவே ரஷ் நாட்களில் அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் எதிர்வீட்டுக்குப் போகும் பையன்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வேறு சிலர் இந்தக் கூட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். நல்ல தந்தை அழுத்தம் கொடுக்கமாட்டார் என்பது சங்கங்களின் அதிகாரபூர்வமான அறிவுரை. குழந்தையாக இருக்கும்போதே கிரேக்க எழுத்து போட்ட சட்டை வாங்கி மாட்டிவிட்டு, பதினெட்டு வயதில் "உன் இஷ்டம்" என்று சொல்லும் தந்தையை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மகன் தேர்வாகிவிட்டால், சடங்கு நாளில் தந்தைக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. பேட்ஜ் என்பது சட்டையின் இடப்பக்கம், இதயத்துக்கு மேல் குத்திக்கொள்ளும் சிறு நகை. சிக்மா கையின் பேட்ஜ் சிலுவை வடிவம். சிக்மா நியூவினுடையது ஐந்து முனை. ஃபை டெல்டா தீட்டாவினுடையது கேடயம். பின்பக்கத்தில் உறுப்பினரின் பெயரையோ முதலெழுத்துகளையோ, கிளையையோ, சேர்ந்த தேதியையோ பொறித்துக்கொள்வது வழக்கம். சடங்கின் கடைசிக் கட்டத்தில் இந்தப் பேட்ஜைத் தந்தையே மகனுக்குக் குத்திவிடுவதைப் பல கிளைகள் அனுமதிக்கின்றன. சிலர் புதியது வாங்காமல் தங்கள் பழைய பேட்ஜையே கொடுத்துவிடுவார்கள். முப்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்து மங்கிய தங்கத்தின் பின்புறம், தந்தையின் பெயருக்குக் கீழே மகனின் பெயர் ஏறும். சட்டப்படி பேட்ஜ் உறுப்பினருக்குச் சொந்தமே அல்ல, வாழ்நாள் முழுக்க வைத்திருக்கச் சங்கம் கொடுத்தது மட்டுமே என்று விதி வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. அங்கெல்லாம் பேட்ஜ் கைமாறுவதற்கும் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

அந்தச் சடங்கில் என்ன நடக்கிறது என்பதை அன்றுவரை தந்தை மகனிடம் சொல்லியிருக்கக் கூடாது. உறுதிமொழி அப்படி. பதினெட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும், அப்பா மூடிவைத்த ஓர் அறை இருந்திருக்கிறது என்று மகனுக்கு அன்றுதான் தெரியவரும். தந்தை ஒஹாயோவில் சேர்ந்திருக்கலாம், மகன் டெக்ஸாஸில் சேரலாம். ஒரே சங்கம் என்றால் சொற்களும் கைகுலுக்கலும் ஒன்றுதான்.

ஒரே கல்லூரி, ஒரே கிளை என்றால் கூடுதலாக ஒன்று கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் எல்லா உறுப்பினர்களையும் கோட்டும் டையும் அணியவைத்துத் தனித்தனியாகப் படமெடுத்து, நீள்வட்டத்துக்குள் வைத்து, கீழே பெயர் எழுதி, ஒரே சட்டகத்தில் மாட்டுவார்கள். 'காம்பொசிட்' என்று அதற்குப் பெயர். சங்க வீட்டின் நடைவழி முழுக்க இவை வரிசையாகத் தொங்கும். கறுப்பு வெள்ளையில் தொடங்கி வண்ணத்துக்கு மாறும். தலைமுடி வளரும், குறையும், மறுபடி வளரும். நடுவில் ஒரு சட்டகத்தில் மகன் தன் அப்பாவைக் கண்டுபிடிப்பான். தன்னைவிட ஒரு வயது இளையவராக அவர் அங்கே இருக்கலாம். உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்திடும்போது ஒவ்வொருவருக்கும் வரிசை எண்ணும் விழும். பழைய கிளையில் தந்தையின் எண் சில நூறுகளில் இருந்தால் மகனுடையது ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.

இப்படித் தொடர்ந்த குடும்பங்களில் உலகம் அறிந்தது புஷ் குடும்பம். அதிலும் கணக்கு நேராக இல்லை. தாத்தா பிரெஸ்காட் புஷ் யேல் பல்கலைக்கழகத்தில் 1917இல் பட்டம் பெற்றவர், பின்னாளில் செனட்டர். அவர் சேர்ந்தது ஸீட்டா சை. அவர் மகன் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்துவிட்டு யேலுக்கு வந்தவர். சேர்ந்தது டெல்டா கப்பா எப்சிலான். 1844இல் யேலிலேயே பிறந்த சங்கம் அது. அங்கே கிளைத் தலைவராகவும் இருந்தார். அவர் மகன் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதே யேல், அதே சங்கம், அதே தலைவர் பதவி. இருவருமே பிறகு நாட்டின் அதிபரானார்கள். மகனுடைய காலத்தில்தான், 1967இல், அந்தக் கிளையில் புதியவர்களின் முதுகில் சூடான கம்பியால் அடையாளம் போடுகிறார்கள் என்று மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது. செய்தி நியூயார்க் டைம்ஸ் வரை போனது. முன்னாள் தலைவர் என்ற முறையில் இளைய புஷ், அது சிகரெட் சுட்ட தழும்பைவிடப் பெரிதல்ல என்று சமாதானம் சொன்னார்.

மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் வேறு: யேலின் இறுதியாண்டு மாணவர்களுக்கான 'ஸ்கல் அண்ட் போன்ஸ்'. கிரேக்க எழுத்துச் சங்கம் அல்ல, ஆனால் நெருங்கிய உறவு. 1832இல் தோன்றியது; ஆண்டுக்குப் பதினைந்து பேர்தான். அதை நிறுவியவர்களில் ஒருவர் அல்ஃபோன்ஸோ டாஃப்ட். அவர் மகன் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் அமெரிக்காவின் அதிபராகவும் தலைமை நீதிபதியாகவும் இருந்த ஒரே மனிதர். அவரும் அதில் உறுப்பினர். பேரன், செனட்டர் ராபர்ட் டாஃப்டும் உறுப்பினர். இத்தனை சிறிய வட்டத்துக்குள் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் நுழைந்தார்கள் என்றால், வாக்களித்தவர்கள் ஆளை மட்டும் பார்த்தார்கள் என்று நம்புவது கடினம்.

அரசியல் வாடையே இல்லாத உதாரணம் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மேனிங் குடும்பம். அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்ற ஆர்ச்சி மேனிங் அங்கே சிக்மா நியூவில் இருந்தார். மகன்களில் கூப்பரும் ஈலையும் அதே கல்லூரி, அதே சங்கம். நடு மகன் பெய்ட்டன் டென்னஸி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மிசிசிப்பி வளாகத்தில் வண்டிகளுக்கான வேக வரம்பு மணிக்கு 18 மைல். அது ஆர்ச்சியின் சட்டை எண். குடும்பத்தின் பெயர் தாங்கிய சாலையில் மட்டும் 10 மைல். அது ஈலையின் எண். சிக்மா நியூவுக்கே சுவையான ஒரு பின்னணி உண்டு. 1869இல் வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் மூத்த மாணவர்கள் இளையவர்களைப் படுத்திய பாட்டை எதிர்த்துப் பிறந்த சங்கம் அது.

கறுப்பின மாணவர்களின் ஃப்ரெட்டர்னிட்டிகளில் தந்தை மகன் தொடர்ச்சிக்கு வேறு கனம். 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா தொடங்கியது. அதற்குச் சற்று முன்பு அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த கல்வியாண்டில் திரும்பி வரவில்லை. விடுதியில் இடமில்லை, படிப்பில் துணையில்லை, பேச ஆளில்லை. ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்கத்தான் சங்கம் எழுந்தது. 1911இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒமேகா சை ஃபையும், இண்டியானாவில் கப்பா ஆல்ஃபா சையும் வந்தன. இவையும் மற்றச் சங்கங்களும் சேர்ந்து இன்று ஒன்பது. 'டிவைன் நைன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இவற்றில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஊர்தோறும் கிளைகள் உண்டு. நாற்பது வயதிலும் அறுபது வயதிலும் கூட்டத்துக்குப் போவார்கள், சந்தா கட்டுவார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை திரட்டுவார்கள். மாணவனாக இருந்தபோது சேராதவர் பின்னாளில் இந்தக் கிளைகள் வழியாகவே சேரவும் முடியும். ஆகவே இங்கே மகன் காண்பது பழைய புகைப்படத்தில் உள்ள அப்பாவை அல்ல. மாதாமாதம் கூட்டத்துக்குக் கிளம்பும் அப்பாவை. மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தார். அவர் மகன் மூன்றாம் மார்ட்டின் லூதர் கிங்கும் அதே சங்கம். தந்தை கொல்லப்பட்டபோது மகனுக்கு வயது பத்து.

கறுப்பினத்தவர் தனிச் சங்கம் கண்டதற்கு மறுபக்கம், பழைய சங்கங்களின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. பல ஃப்ரெட்டர்னிட்டிகளின் விதிப் புத்தகத்தில் வெள்ளையர்களுக்கு மட்டும், கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். ஃபை டெல்டா தீட்டாவின் விதி 'ஆரிய ரத்தம்' வரை போனது. 1954இல்தான் அது நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வில்லியம்ஸ் கல்லூரிக் கிளை யூத மாணவர் ஒருவரைச் சேர்த்ததற்காக அந்தக் கிளையையே இடைநீக்கம் செய்திருந்தது தலைமையகம். 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை கறுப்பின மாணவர் ஒருவருக்கு இடம் கொடுத்தது; தேசியச் சங்கம் அந்தக் கிளையை வெளியேற்றியது. யூத மாணவர்கள் 1898இல் நியூயார்க்கில் ஸீட்டா பீட்டா டாவ் என்று தங்களுக்கென ஒன்று கண்டதும் இதே காரணத்தால்தான்.

இன விதிகள் காகிதத்திலிருந்து 1960களுக்குள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் விதியை எடுத்தபிறகும் லெகசி வழக்கம் இருந்துகொண்டுதான் இருந்தது. 1950இல் உள்ளே விடப்படாதவருக்கு 1975இல் லெகசி மகன் இருக்க முடியாது. அவர் வழியாக 2005இல் லெகசி பேரனும் இருக்க முடியாது. யாரையும் பெயர் சொல்லித் தடுக்காமலே பழைய தடை மூன்று தலைமுறைக்குத் தொடர இது போதும். கல்லூரிச் சேர்க்கையில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமையும் இதே குணம் கொண்டது. அது 1920களில் பரவியதே யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளோடு சேர்ந்துதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அதைக் கைவிட்டது. ஆம்ஹர்ஸ்ட் 2021இல் கைவிட்டது. 2024இல் வர்ஜீனியா தன் அரசுக் கல்லூரிகளிலும், கலிஃபோர்னியா தனியார் கல்லூரிகளிலும் சட்டம் போட்டே நிறுத்தின. சொராரிட்டிகளில் லெகசி விதி ஃப்ரெட்டர்னிட்டிகளைவிடக் கறாராக இருந்தது. உறுப்பினரின் மகள் ஒருத்தி கடைசிச் சுற்றுக்கு அழைக்கப்பட்டால் அவளைத் தேர்வுப் பட்டியலின் உச்சியில் வைத்தே ஆகவேண்டும் என்று பல சங்கங்கள் வைத்திருந்தன. 2020இல் நிறவெறிக்கு எதிரான போராட்டங்கள் நாடெங்கும் பரவியபோது அவற்றில் சில இந்தக் கட்டாயத்தை நீக்கின. ஃப்ரெட்டர்னிட்டிகளில் நீக்குவதற்கு அப்படிப்பட்ட கட்டாயம் பெரும்பாலும் இல்லை. வாக்கெடுப்புக்குள் கலந்திருக்கும் சாய்வை எந்த விதித் திருத்தத்தாலும் எடுக்க முடியாது.

மகள்களின் கதை சுருக்கமானது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் கல்விச் சட்டத்திலிருந்து இந்தச் சங்கங்களுக்கு 1974இல் நாடாளுமன்றம் விலக்கு அளித்தது. ஆகவே ஃப்ரெட்டர்னிட்டி ஆண்களுக்கு மட்டும் என்றே தொடரலாம். அப்பாவின் சங்கம் மகளுக்குக் கிடைக்காது. அவளுக்கு வருவது அம்மாவின் சொராரிட்டி. ஆண், பெண் இருபாலரையும் சேர்க்கும் சில சங்கங்கள் விதிவிலக்கு.

மகன் உள்ளே போய்ப் பார்க்கும் சங்கம், தந்தை கதை கதையாகச் சொன்ன சங்கமாக இருப்பது அபூர்வம். 1970களில் பல மாநிலங்களில் பதினெட்டு வயதில் மது வாங்கலாம். 1984இல் வந்த தேசியச் சட்டம் அந்த வயதை இருபத்தொன்றாக உயர்த்த மாநிலங்களை நெருக்கியது. இணங்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதி வெட்டு. சட்டத்தின் நோக்கம் சாலை விபத்தைக் குறைப்பது. ஆனால் மதுக்கடைக்குள் போக முடியாத பத்தொன்பது வயது மாணவனுக்குச் சங்க வீடுதான் குடிக்கும் இடமாயிற்று. விபத்தும் வழக்கும் காப்பீட்டுச் செலவும் கூடவே வந்தன. ஃபை டெல்டா தீட்டா 2000ஆம் ஆண்டிலிருந்து தன் வீடுகளில் மதுவையே தடைசெய்தது. 2019 முதல் பெரும்பாலான தேசியச் சங்கங்கள் கடும் மதுவகைகளைச் சங்க வீடுகளிலிருந்து விலக்கிவைத்தன.

புதியவர்களைத் துன்புறுத்தும் 'ஹேஸிங்' இன்னும் ஆழமான பிளவு. தந்தையின் தலைமுறை அதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூரும்: ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை, பச்சை முட்டை தின்னவைத்தார்கள், நடுக்காட்டில் இறக்கிவிட்டார்கள். அதையெல்லாம் தாண்டியதால்தான் நட்பு இறுகியது என்று உறுதியாக நம்பும் தந்தைகள் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் வழக்கத்தைக் கைமாற்றிவிடுகிறது. விதிப் புத்தகத்தில் தடை ஏறிய பிறகும் பழைய உறுப்பினர்களின் பேச்சில் அது பெருமையாகவே உலவுகிறது. 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில் பெருமளவு மது குடிக்கவைக்கப்பட்ட, சங்கத்துக்குப் புதிதாக வந்த மாணவர் ஒருவர் படியில் விழுந்து இறந்துபோனார். உதவிக்கு அழைக்க மணிக்கணக்கில் தாமதம் ஆனது. அடுத்த ஆண்டே மாநிலம் உயிரிழப்போ கடும் காயமோ விளைவிக்கும் ஹேஸிங்கைக் கடும் குற்றமாக்கியது. 2024 டிசம்பரில், கல்லூரிகள் ஹேஸிங் சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. பிளெட்ஜ் காலத்தையே ஒழித்த சங்கங்களும் உண்டு: ஸீட்டா பீட்டா டாவ் 1989இல், கறுப்பினச் சங்கங்கள் 1990இல், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014இல். ஒழித்தபோதெல்லாம் முதலில் எதிர்த்தவர்களில் பழைய உறுப்பினர்கள் இருந்தார்கள். தாங்கள் பட்ட பாடு வீணாகிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. மகனை அதே வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் அந்தத் தந்தைகளில் சிலருடைய குரல் தாழ்வதுண்டு.

கல்லூரியே சங்கத்தை மூடிவிட்டால் மகனுக்குப் போக இடமே இல்லை. வில்லியம்ஸ் 1960களில் ஃப்ரெட்டர்னிட்டிகளைக் கைவிடத் தொடங்கியது. ஆம்ஹர்ஸ்டும் கோல்பி கல்லூரியும் 1984இல் ஒழித்தன. மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி 1997இல் முடிவெடுத்துப் படிப்படியாக நிறுத்தியது. சங்க வீடுகள் கல்லூரியின் கைக்கு வந்து எல்லா மாணவர்களுக்குமான வீடுகளாயின. தாத்தாவும் தந்தையும் உறுப்பினராக இருந்த வீட்டில் பேரன் இன்றும் தங்கலாம். வாசலில் கிரேக்க எழுத்து இருக்காது; சேர்வதற்கு யார் வாக்கும் தேவைப்படாது.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடியேறியவர்களின் பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளை எட்டியபோது அவர்களுக்கு லெகசி என்ற பேச்சுக்கே இடமில்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பொறியியல் படித்துவிட்டு வந்த அப்பாவுக்கு ரஷ் என்றால் என்னவென்றே தெரியாது. படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். இந்தப் பிள்ளைகளும் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 1994இல் அயோட்டா நியூ டெல்டா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1998இல் டெல்டா எப்சிலான் சை, லாஸ் ஏஞ்சலிஸில் 1999இல் பீட்டா கை தீட்டா. பெரும்பாலும் தெற்காசிய மாணவர்களைக் கொண்டு தொடங்கிய இவை பிறகு மற்றவர்களுக்கும் திறந்தன. நிறுவியவர்கள் இன்று ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதை அடைந்துவருகிறார்கள். அப்பா கண்ட சங்கத்தில் மகன் வந்து நிற்கும்போது அவனை எப்படி நடத்துவது என்பதை இந்தச் சங்கங்கள் இனிதான் பழகிக்கொள்ள வேண்டும்.